வாத்தைக் கொன்ற கை

தொண்ணூற்றாறில் மலேசியாவில், சிம்பாங் அம்பாட் பக்கம் தோட்டத்து வீட்டில் கோழியும் வாத்தும் வளர்த்தேன். ஒரே வாரத்தில் பதினோரு வாத்துகள் செத்தன. கோழி ஒன்றுகூடச் சாகவில்லை. என் வாத்துகள் கீரைப் பாத்தியை மிதித்ததற்காக அடுத்த வீட்டுச் செல்லம்மா அப்போதுதான் சண்டை போட்டிருந்தாள். அவள்தான் விஷம் வைத்தாள் என்று முடிவுகட்டினேன். முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்து, "என் வாத்தைக் கொன்ன கை வெளங்காமப் போவணும்" என்று கேட்டேன்.

போலீசுக்கு ஆதாரம் வேண்டுமே என்று, செத்த வாத்தைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சளாக வீங்கியிருந்தது.

"பூஞ்சை புடிச்ச சோளம் போட்டீங்களாக்கா?"

"மழையில நனைஞ்சது. காய வெச்சுத்தான் போட்டேன்."

"காஞ்சாலும் பூஞ்சை விஷம் போவாதுலா. அதை முறிக்கப் போயி ஈரலே இன்னும் கொடிய விஷமா மாத்திடும். கோழி ஈரல் ஓரளவு தாங்கும், வாத்துக்குத் தாங்காது."

சோளத்தை அள்ளிப் போட்டது என் வலது கை.

இப்போதெல்லாம் பூஞ்சை வாடை அடித்தாலே மூட்டையோடு புதைத்துவிடுகிறேன். செல்லம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் வாத்துகளைத் திட்டியவள்தானே. முனியாண்டியிடம் மட்டும், கேட்டது வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆனாலும் தினமும் எழுந்தவுடன் வலது கை விரல்களை மடக்கிப் பார்க்கிறேன்.