தாழ்ப்பாள் சத்தம்

போன வருடம் மேற்குத் தாம்பரத்தில், எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. நான் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பேரனுக்கு அப்போது எட்டு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்திலிருந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே என் மகன் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான். "பெரியவங்க முன்னாடி பெத்த பிள்ளையைக் கொஞ்சுறது என்ன பழக்கம்? கீழே விடு" என்றேன். அவன் குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டான். நானும் என் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் இவனை இறக்கிவிட்டவன்தான். அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் மாலை நடை முடிந்து நான் கேட்டைத் திறந்தால், குழந்தை பாயில் இருக்கும். எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் ஒரு மாதத்தில், நான் நுழையும்போதெல்லாம் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. காலையில் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்து விளையாடுகிறவன், மாலையில் ஏன் அழுகிறான்?

வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் புலம்பினேன். அவள் சிரித்தாள். "உன்னப் பாத்து அழல சார். கேட்டு சத்தத்துக்கு அழுவுது. நீ வந்தா அப்பன் கீழ வுட்டுடுவான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்பலியா? நாளைக்கு வாக்கிங் போவாத, ரூமுல இரு. நான் தாப்பாளத் தூக்கறேன், நீயே பாரு."

மறுநாள் நான் அறைக்குள் இருந்தது மகனுக்குத் தெரியாது. கூடத்தில் குழந்தையைத் தோளில் போட்டிருந்தான். வெளியே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. குழந்தை இரண்டு கைகளாலும் அவன் பனியனை இறுகப் பிடித்துக்கொண்டு அலறியது. அதே நொடியில் என் மகனும் பாயை நோக்கிக் குனிந்துவிட்டான்.

வெளியே வந்து, "கையிலேயே வச்சுக்கப்பா. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"பரவால்லப்பா, கொஞ்சம் வெயிட்டா இருந்தான், அதான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு நான் வந்தாலும் அவன் குழந்தையை இறக்கவில்லை. சில வாரங்களில் குழந்தையின் அழுகை நின்றுவிட்டது. ஆனால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் என் மகனின் கைகள் இன்றும் ஒரு கணம் தளர்கின்றன. அவன் எட்டு மாதக் குழந்தையாக என் கையில் இருந்தபோதே நான் கற்றுக்கொடுத்த பாடம் அது என்பதை நினைக்காமல் ஒரு மாலையும் நான் அந்தக் கேட்டைத் திறப்பதில்லை.