பொடிசுக்கு இரண்டு விசில்

பொடிசும் நானும் மூன்று வருடம் ஒரே கல்லூரி வாலிபால் அணியில் ஆடினோம். ஆனால் களத்தில் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து நின்றதில்லை. நான் வலையருகே கை தூக்கித் தடுக்கும் ஒட்டடைக்குச்சி. அவள் லிபரோ. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பின்வரிசையில் மட்டும் நின்று, எதிரணி அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எடுப்பவள். ஆட்டத்தின் சுழற்சியில் என் இடம் பின்னால் போனால் நான் வெளியே வருவேன், அவள் உள்ளே போவாள். அதே இடம் முன்வரிசைக்கு வந்தால் அவள் இறங்கியே ஆக வேண்டும். லிபரோ முன்னால் நிற்கக் கூடாது என்பது விதி. எனக்குக் குனிந்து பந்து எடுக்க வராது. என் முதுகு வளைவதற்குள் பந்து அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

அவள் அம்மா பஸ் கண்டக்டர். அந்த வீட்டில் வாயைவிட விசில்தான் அதிகம் பேசும். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. பயிற்சிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும் பொடிசு, உள்ளேயிருந்து எது கேட்கும் என்று காத்து நிற்பாள்.

அரையிறுதியில் ஜெயித்தால் இறுதிப் போட்டிக்கு வெளியூர் போக வேண்டும். "மொதல்ல நானே வந்து பார்க்கறேன். அங்க நீ என்னத்தக் கிழிக்கறன்னு தெரியணும். ஒண்ணும் இல்லன்னா பந்த மூட்ட கட்டி வச்சிட்டுப் படிக்கற வேலையப் பாரு" என்று அம்மா தீர்ப்பைத் தள்ளி வைத்தார்.

அரையிறுதியன்று சீருடைச் சேலையோடே வந்து எங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். பொடிசு பாய்ந்து பாய்ந்து எடுத்தாள். அவர் முகம் மலர்ந்தது. சுழற்சி வந்து அவள் வெளியேறியதும் சுருங்கிவிட்டது. அடுத்த முறை நான் வந்து உட்கார்ந்தபோது தோளில் தட்டினார்.

"ஏம்மா, என் பொண்ணு என்ன தப்பு பண்ணா? வேற சட்டை குடுத்து ஒதுக்கி வச்சிருக்கீங்க. நல்லா ஆடுறப்பவே வெளிய தள்ளுறீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் முறைத்தார். பொடிசின் காதில் அது விழுந்துவிட்டது.

வினை நான்காவது செட்டில் வந்தது. சுழற்சியில் அவள் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். நான் கோட்டருகே தயாராக நிற்கிறேன். அவளோ அம்மாவைப் பார்த்தாள், அசையவில்லை. மறுபடி வெளியேறுவதை அம்மா பார்க்கக் கூடாதாம். நடுவர் விசில் ஊதினார். புள்ளி எதிரணிக்குப் போனது, அதோடு அந்த செட்டும் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இடைவேளையில் நேராக அம்மாவிடம் போனேன்.

"ஆன்ட்டி, உங்க பஸ்ல டிரைவர் வந்து டிக்கெட் குடுப்பாரா?"

"அவர் வந்தா ஸ்டியரிங்க யாரு புடிக்கறது?"

"அதான் ஆன்ட்டி. முன்னாடி நானு, பின்னாடி உங்க பொண்ணு. முன்னாடி வந்தா அவ எறங்கணும்னு சட்டம். யாரும் தள்ளல."

"அப்ப தண்டனை இல்லியா?"

"தண்டனை எனக்குத்தான். அவ இல்லாம நான் பின்னாடி நின்னா மானம் போயிடும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இத அவ சொல்லியிருக்கலாம்ல."

ஐந்தாவது செட். பொடிசு முன்வரிசைக்கு வந்தபோதெல்லாம், "எறங்குடி, நேரமாச்சு" என்று அம்மாவே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

பதினான்குக்குப் பதின்மூன்று. எங்களுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். நான் பெஞ்சில், அவள் களத்தில். எதிரணிக்காரி அடித்த அடியில் பந்து தரையைத் தொட்டுவிட்டது என்றே நினைத்தேன். பொடிசு நீட்டிப் படுத்து, உள்ளங்கையைத் தரையோடு வைத்து, புறங்கையால் அதை மேலே எழுப்பினாள். அணித்தலைவி தூக்கிக் கொடுக்க, இன்னொருத்தி அடித்து முடித்தாள்.

எல்லோரும் அடித்தவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எடுத்தவள் தரையில் கிடந்தாள். நான் ஓடிப்போய் அவள் மேலேயே விழுந்தேன். நாங்கள் இருவரும் களத்தில் ஒன்றாக இருந்தது அப்போதுதான்.

அப்போது நீளமாக ஒரு விசில். கூச்சல் அடங்கியது. நடுவர் தன் விசிலை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அம்மா பெஞ்சுமேல் ஏறி நின்றிருந்தார்.

பொடிசு என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நிக்கச் சொல்றாங்கடி. அனுப்ப மாட்டாங்க."

அம்மா எங்களையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விசிலை வாயில் வைத்தார்.

இந்த முறை இரண்டு.