விளம்பரத்தில் இருந்த சம்பளம்

பகுதி நேர வேலை தேடுவதும் ஒரு தொழில்தான். என்ன, அதில் படகுக் காசும் போட்டோக்கொப்பிக் காசும் நாங்கள்தான் கட்ட வேண்டும். பட்டத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனது நான். அடுத்து, ஆசிரியர் டிப்ளோமா படிக்க ஆசை. "கட்டணத்தை நானே உழைச்சுக் கட்டுவன், நீங்கள் தோட்டத்தைப் பாருங்கோ" என்று அப்பாவிடம் சொல்லியும்விட்டேன். விண்ணப்ப முடிவுக்கு அப்போது ஒரு வருடம் இருந்தது.

பழகுகிற மாதம்

ஊர்காவற்றுறைக் கடையொன்றின் கண்ணாடியில் "பகுதி நேரம், காலை மட்டும், முப்பதாயிரம்" என்று ஒட்டியிருந்தது. எங்கள் அனலைதீவிலிருந்து காலைப் படகில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம் என்று சேர்ந்தேன். "இண்டைக்கு மட்டும் கொஞ்சம் நில்லும்" என்று முதலாளி சொல்லாத நாள் குறைவு. பெரும்பாலும் கடைசிப் படகைத்தான் ஓடிப் பிடித்தேன்.

மாத முடிவில் கிடைத்தது பத்தாயிரம். மிச்சம் எப்போது என்று கேட்டேன். முதலாளி கோபப்படவில்லை, என்மேல் பரிதாபப்பட்டார்.

"பிள்ளை, முதல் மாதம் நீர் எங்களுக்கு வேலை செய்யேல்லை, நாங்கள்தான் உம்மைப் பழக்கினனாங்கள். வேற இடமெண்டால் அதுக்கு உம்மிட்டக் காசு வாங்கியிருப்பினம்."

தலைக்கு இவ்வளவு

அடுத்தது கரம்பொனில் ஒரு ரியூசன் நிலையம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று பேச்சு. வகுப்பில் இருபத்திரண்டு பேர். சம்பளம் வந்தது ஒன்பது பேருக்கு. மற்றவர்கள் கட்டணம் கட்டவில்லையாம். கட்டாதவர்களை வாசலில் மறிப்பது என் பொறுப்பு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை பெயர்ப்பட்டியலோடு வாசலில் நின்றேன். முதலில் வந்த சின்னவள், நான் வாய் திறக்க முதலே, "டீச்சர், காத்து எண்டு அப்பா கடலுக்குப் போகேல்லை" என்றாள். பட்டியலைப் பைக்குள் வைத்துவிட்டு எல்லோரையும் உள்ளே விட்டேன். அந்த மாதமும் ஒன்பது பேருக்குத்தான். நிலையம் நடத்தும் அண்ணையிடம் கேட்டேன்.

"தங்கச்சி, காசு கட்டாததுகளை உள்ள இருத்தினது நானோ நீரோ? அப்ப உம்மட சம்பளத்தை எடுத்துக் குடுத்ததும் நீர்தானே."

எங்கட பிள்ளை

எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல; அவற்றைத் திறந்து கூட்டுவதற்கு எப்போதும் ஆள் தேவை. கனடாவில் இருக்கும் அக்கா ஒருவர் என்னைக் கேட்டார். வீட்டைக் கூட்டி, மரங்களுக்குத் தண்ணீர் விட வேண்டும். திருவிழா தொடங்கினால் பின்னேரங்களில் சாமிக்கு முன்னால் வீடியோ அழைப்பில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே அவருடைய அம்மா பார்த்துக் கும்பிடுவார். "மாதாமாதம் நான் வடிவாப் பாத்துச் செய்வன்" என்றார். இரண்டு தரம் கை சுட்டும், ஊர் அக்காதானே என்று எவ்வளவு என நான் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தேருக்கு வந்தார். அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்து, சொக்லேட்டும் சென்ட் போத்தலும் தந்தார். "அக்கா, சம்பளம்..." என்று இழுத்தேன். அவர் முகம் வாடிப்போனது. நடிப்பில்லை.

"என்ன பிள்ளை இப்பிடிக் கேக்கிறீர்? காசு தந்தால் உம்மை எங்கட வீட்டு வேலைக்காரி எண்டெல்லோ ஊர் சொல்லும், அதுக்கு நான் விடுவனோ?"

ஒரு தாள்

வேலணையில் ஒரு கட்டடப் பொருள் கடையின் அலுவலகம், பகுதி நேரக் கணினி வேலை. இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். எத்தனை மணிவரை? முதல் மாதம் எவ்வளவு? என்ன கழிப்பீர்கள்? படகு ஓடாத நாளுக்கு என்ன? முகாமையாளரிடம் அதை நீட்டினேன். விளம்பரத்தில் போட்டது முழுநாள் சம்பளம் என்று அவர் சிரித்தார். ஆனாலும் அரைநாளுக்கு என்று பாதித் தொகையை எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

வெளியே செருப்பை மாட்டும்போது, பக்கத்து மேசையில் எட்டு வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருவர் பின்னாலேயே வந்தார்.

"தங்கச்சி, அந்தத் தாளை ஒருக்காத் தாரும், எனக்கும் ஒரு கொப்பி வேணும்."

கட்டணம் சேராததால் டிப்ளோமாவை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியாயிற்று. விளம்பரத்தில் போட்டதில் இங்கே பாதிதான் என்றாலும், பாதிதான் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு நான் சேர்ந்த முதல் வேலை இதுதான்.