முன்னால் ஒளித்த கட்டம்

என் தம்பிக்குப் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ரப்பர் என்று பெயர். வாத்தியக்காரர்களுக்கு இசைக்குறிப்பைக் கையால் எழுதிக் கொடுத்த காலத்தில் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் வைத்திருப்பான். அதைத் தொட்டு அழித்ததை யாரும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அப்படித்தான். அவன் அடித்துக் கொடுத்த தாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பார்கள். நானும் நம்பித்தான் இருபது வருஷம் செல்லோ என்ற அந்தப் பெரிய வயலினை வாசித்தேன், ஏமாளி.

அவனுடைய சாஃப்ட்வேர், வாத்திய ஒலிகளை இன்னொரு சாஃப்ட்வேரிலிருந்து இரவல் வாங்கும். அந்த ஒலி எழுந்து உட்கார ஒரு நொடி ஆகும். அதற்குள் முதல் ஸ்வரத்தை விழுங்கிவிடும். அதனால் பாட்டுக்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டத்தை, அதாவது ஸ்வரமே இல்லாத ஒரு தாளச் சுற்றைச் சேர்த்து, தாளில் தெரியாதபடி ஒளித்துவிடுவான். தாளில் இல்லாவிட்டாலும் அது எண்ணிக்கையில் இருக்கும். ஆகவே ஒவ்வொருவர் தாளிலும் கட்ட எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும்படி திருத்த வேண்டும். ஒரு ஒலிப்பதிவன்று இருபத்திரண்டு தாள்களைத் திருத்தியவன் என் தாளை மறந்துவிட்டான்.

முழுதாக வாசித்தபோது ஒன்றும் தெரியவில்லை. பிறகு இசையமைப்பாளர், "இருபத்தஞ்சாம் கட்டத்துலேர்ந்து" என்றார். எல்லோருக்கும் இருபத்தைந்து என்பது என் தாளில் இருபத்தாறு. நான் மட்டும் ஒரு கட்டம் முன்னாலிருந்து தொடங்கி, கடைசிவரை ஒரு கட்டம் பின்தங்கி வாசித்தேன்.

"என்னம்மா, தூக்கமா?" என்றார். மறுபடி அதே இடம், அதே தப்பு. மூன்றாவது தடவையும் அதேதான். ஐம்பத்தைந்து வயதாகிறது, காது போய்விட்டது என்றே நினைத்தேன். தம்பியின் தாளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

"மெஷின் செல்லோவையே வச்சுடுவோம். அது தப்பு பண்ணாது" என்றார் இசையமைப்பாளர்.

"சரி சார்" என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த என் உடன்பிறப்பு.

வீட்டுக்கு வந்து பென்சிலால் கட்டங்களை எண்ணினேன். சாயங்காலம் அவன் வந்ததும் தாளை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உனக்கு எப்போடா தெரியும்?"

"ரெண்டாவது தடவையே புரிஞ்சிருச்சு அக்கா."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்லியிருந்தா என்னை அங்கேயே வெளிய அனுப்பியிருப்பாரு. உனக்கென்ன, நாலு ஸ்டுடியோல கூப்பிடுவாங்க."

ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்குக் காது போன கதை எல்லா ஸ்டுடியோவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நானே போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவன் பிழைப்பில் மண் விழும். என்னால் அதைச் செய்ய முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

போன வாரம் புதுத் தாளோடு வந்தான்.

"திருத்திட்டேன் அக்கா. இப்ப ஒன்னுலேர்ந்துதான் ஆரம்பிக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

"அவர்கிட்ட சொன்னியாடா?" என்று கேட்டேன்.

"அதான் தாளைத் திருத்திட்டேனே அக்கா" என்று அதை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.