மெத்தையோடு பதினெட்டு இஞ்ச்

"…மெத்தையோட சேத்துத்தான் பதினெட்டு இஞ்சுன்னு சொன்னேம்லாண்ணே, வெறுங்கட்டில் இல்ல" என்று அக்கா சொன்னபோது, என் அம்மா புதுக்கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களும் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் அன்று. கூடத்தில் சொந்தபந்தங்களின் சத்தம், சமையல் பக்கமிருந்து சாம்பார் வாசம். படுக்கையறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அந்தக் கட்டில் அக்காவின் கடைக் கட்டில் அல்ல. அது எனக்கும் தெரியும், உள்ளே காலடி வைக்கும் முன்பே அவருக்கும் தெரியும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. அருள்புரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பர்னிச்சர் கடை வைத்திருப்பவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, பதினைந்து வருஷம் சாம்பிள் டைலராக இருந்தவர். கடை வைத்த பிறகும் கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப் தொங்கும், கைப்பையில் மார்க்கிங் சாக்கட்டி கிடக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். எங்களில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. திருப்பூரில் அதெல்லாம் கேட்பதில்லை.

வீடு முடிகிற சமயம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கடை கடையாக ஏறினேன். ஒரே இடத்தில் விலை கேட்டால் எங்கள் பனியன் தொழிலில் அதற்குப் பேர் விலையே இல்லை. நூலுக்கு நாலு பேர், சாயத்துக்கு நாலு பேர் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த புத்தி. தாராபுரம் ரோட்டுக் கடையில் விற்பனைக்கு நின்ற ஆள், "படுத்தாத்தானுங்க தெரியும்" என்று தானே மெத்தையில் நீட்டிப் படுத்துக் காட்டினார். கொஞ்சம் விட்டால் தூங்கியிருப்பார். வெள்ளகோவில் கடைக்காரர் எதைக் கேட்டாலும் "தேக்குங்க" என்றார், பிளாஸ்டிக் சேரைத் தவிர. கோவை ரோட்டு ஷோரூமில் ஏசி, கண்ணாடிக் கதவு, காபி. அக்கா கடையில் மரத்தூளும் மின்விசிறியும்தான்.

ஆனால் மற்றவர்களெல்லாம் கடையைக் காட்டினார்கள். அக்கா ஒருவர்தான், "எங்க கடையப் பாத்தது போதும், உங்க வீட்டக் காட்டுங்க" என்று வண்டியில் ஏறி வந்தார். டைல்ஸ் தரையில் முட்டி போட்டு, கட்டில் இங்கே, பீரோ இங்கே, சாப்பாட்டு மேஜை இங்கே என்று நீல சாக்கட்டியால் கோடு போட்டார். அம்மாவைக் கூப்பிட்டு அந்தக் கோடுகளுக்கு நடுவே நடக்கச் சொன்னார். எங்கே இடிக்கும் என்று அம்மா தயங்கினாரோ அங்கே கோட்டை அழித்து நகர்த்தினார். பிறகு மிச்சமிருந்த செங்கற்களை அடுக்கி அம்மாவை உட்காரவைத்தார். எழுந்திருக்க அம்மா ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஒரு கல் கூட்டினார். கை ஊன்றாமல் அம்மா எழுந்ததும், அந்த உயரத்தை டேப் வைத்து அளந்தார். "மூட்டுவலிக்காரவங்களுக்குக் கட்டில் அழகா இருந்தாப் போதாதும்மா, காலு தரையில படணும். மெத்தையோட சேத்துப் பதினெட்டு." எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஜன்னல்களை அம்மாவே அளந்து வைக்கட்டும் என்று டேப்பையும் விட்டுப் போனார். "அந்தப் புள்ளகிட்டவே வாங்கீரு கண்ணு. என்ற கால் நோவு அதுக்குத்தான் தெரியுது" என்றார் அம்மா.

நான் சொல்ல வெட்கப்படுவதில் பெரிய பங்கு, அதற்கு முந்தைய வாரம் அக்கா கடையில் டீ குடித்துக்கொண்டே நானே வயிறெரிந்து புலம்பிய கதைதான். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவனுக்காக எங்கள் யூனிட்டில் ஒரு குழந்தைச் சட்டையை ஒன்பது தடவை மாற்றி மாற்றித் தைத்துக் கொடுத்தோம். ஒன்பதாவது சாம்பிள் பிரமாதம் என்றான். அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய் வேறொரு கம்பெனிக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டான். இங்கே எல்லோருக்கும் நடப்பதுதான். அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் தைச்ச சாம்பிள் அடுத்த கம்பெனி லைன்ல ஓடுறத ஜன்னல் வழியா பாத்துருக்கேண்ணே. பேட்டனத் தூக்கிட்டுப் போயிருவாவோ. கையத் தூக்கிட்டுப் போக முடியாதுல்லா."

அதைக் கேட்டுத் தலையாட்டியவன் நான். பதினைந்து நாள் கழித்து, அக்கா எழுதிய அதே தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அக்காவின் அதே டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோவை ரோட்டு ஷோரூமுக்குப் போனேன். தரைக்கோடுகளைக்கூட போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். எல்லாம் அந்த அளவுக்கே கிடைத்தது. தாளில் 'கட்டில் உயரம் 18' என்று மட்டும் இருந்தது. மெத்தை என்ற வார்த்தை அக்காவின் வாயில் இருந்தது, தாளில் இல்லை. டேப்பை வைத்துச் சட்டத்தின் மேல் விளிம்பு வரை அளந்தேன், சரியாகப் பதினெட்டு. எனக்கே என் மேல் ஒரு பெருமை.

விலை குறைவு என்று வீட்டில் சொன்னேன். குறைவுதான், ஆனால் அது காரணமில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வருகிற பங்காளிகள் "எங்கீங்க எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். அப்போது அருள்புரம் தகரக் கொட்டகை என்று சொல்ல என் வாய் கூசியது. பத்தாவதோடு நின்று, கட்டிங் டேபிளுக்கு அடியில் துணி பொறுக்கி மேலே வந்தவனுக்கு, ஒரு கண்ணாடிக் கதவின் பேர் தேவைப்பட்டது.

அக்கா இரண்டு தடவை போன் செய்தார். "ஆடி மாசம் வேற வேல இல்லண்ணே. உங்க வீட்டு வேல இருக்குன்னு ஆசாரிய வேற எங்கயும் போகவிடாம நிறுத்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா மரத்த அறுத்துருவாரு." பார்த்துட்டுச் சொல்றேனுங்க்கா என்றேன். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆசாரி வேறு வேலைக்குப் போயிருப்பார், அக்காவும் வேறு யார் வேலையையாவது பிடித்திருப்பார். அந்தப் பையர்கூட எங்களுக்கு நன்றி என்று இரண்டு வரி மெயில் அனுப்பினான். நான் அதுவும் செய்யவில்லை. ஆடி முழுக்கக் காத்திருந்து, ஒருநாள் எங்கள் பக்கம் வந்தபோது ஷோரூம் லாரி எங்கள் தெருவுக்குள் திரும்புவதைப் பார்த்து, அந்த ஆசாரி பல்லடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். லாரி வந்ததை அக்காவிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஆவணியில் கிரகப்பிரவேசம். அக்காவை அழைத்தது நானல்ல, அம்மா. "அந்தப் புள்ள வராம நம்மூட்டு விசேசமா?" என்று தானே போன் செய்திருக்கிறார். எல்லாம் தெரிந்தும் அக்கா வந்தார். தட்டில் பழமும் பூவும், ஒரு சில்வர் குத்துவிளக்கும். வாசலில் என்னைப் பார்த்து, "வீடு நல்லா அமைஞ்சிருக்குண்ணே" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

இன்று அம்மா விடியலில் எழும்போது, இரண்டு பாதமும் டைல்ஸில் பதிகிற சத்தம் அடுத்த அறையிலிருக்கும் எனக்குக் கேட்கிறது. கை ஊன்றாமல் எழுகிறார். கட்டில் இப்போது சரியான உயரத்தில் இருக்கிறது. வெளியாள் ஒருவரை வைத்துக் கால்களை அறுத்தேன். எங்கே அறுப்பது என்று அவர் கேட்கவே இல்லை. அருள்புரம் வழியாகத்தான் தினமும் யூனிட்டுக்குப் போகவேண்டும். இப்போதெல்லாம் ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிடுகிறேன். மன்னிப்பு கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். அதையும் பார்த்துட்டுச் சொல்றேன் என்பது மாதிரிதான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அக்கா, வெறுங்கட்டில் இல்ல என்று சொல்லிவிட்டு என் பதிலுக்காக நிற்கவில்லை. ஜன்னல் திட்டில் கிடந்த தன் டேப்பைப் பார்த்தார், எடுத்தார். பட்டுச்சேலையைச் சொருகிக்கொண்டு தரையில் முட்டி போட்டார். தொங்குகிற அம்மாவின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அளந்தார். "ஆறு இஞ்ச் கூடுதலா இருக்கும்மா. இறக்கிட்டா சரியாப் போயிரும்" என்றார், என்னிடமல்ல, அம்மாவிடம். கைப்பையிலிருந்து நீல சாக்கட்டியை எடுத்து, அடுத்த கடைக்காரனின் கட்டிலில், கீழிருந்து ஆறு இஞ்ச் அளந்து ஒவ்வொரு காலிலும் சுற்றிக் கோடு போட்டார். நாலாவது காலுக்கு முன்னால் நான் நின்றிருந்தேன். "கொஞ்சம் தள்ளிக்கோங்கண்ணே" என்றார். தள்ளினேன். அதற்கும் கோடு போட்டுவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவைக் கைகொடுத்துக் கட்டிலிலிருந்து இறக்கினார்.