பஜனைக்கு வந்தவர்களும் எங்கள் வீட்டு வைஃபையும்

ஒரு வாரமாக மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்று காலை மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு டெக்னீஷியன் ஒருவரை வரவழைத்தேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, உங்க லைன்ல பதினாலு போன் ஓடுது லா. வீட்ல எத்தனை பேரு?"

"மூணே பேரு அண்ணே."

"அப்போ பாஸ்வேர்ட் யாருக்குக் கொடுத்தீங்க?"

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் அக்கம்பக்கத்தார் போனில் பாட்டு வரிகள் பார்க்கக் கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, முருகன் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான்.

"பாப்பா டேப்லெட்டக் கொடுங்க, அதுக்கும் லாக் போட்டுத் தரேன்" என்றார்.

வாங்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார். லாக் ஏற்கெனவே போட்டிருந்தது. விளையாட்டில் முன்பின் தெரியாதவர் யாரும் அவளிடம் பேச முடியாது. என் அனுமதி இல்லாமல் எதையும் டவுன்லோட் செய்யவும் முடியாது.

"யாரு செஞ்சது? உங்க வீட்டுக்காரரா?"

"அவருக்கு டிவி ரிமோட்டே நான்தான் தேடிக் கொடுக்கணும். வீடியோ பார்த்து நானே செஞ்சேன்."

"நான் செஞ்சாலும் இதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா ரூமெல்லாம் பூட்டிட்டு வாசக்கதவத் திறந்து வச்சிட்டீங்களே அக்கா!"

புதிய பாஸ்வேர்டை நானே போட்டேன். பஜனைக்கு வருபவர்களுக்கு அதே வைஃபையில் தனியாக ஒரு விருந்தினர் லைன். அவர் கைகட்டி நின்று பார்த்தார், ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

மகளின் வகுப்பு இன்று கடைசி வரை ஓடியது. முருகா, உனக்கு நன்றி. கொஞ்சம் எனக்கும்.

உங்கள் வீட்டுப் பாஸ்வேர்டும் சாமி பெயர்தானா? எந்தச் சாமி என்று மட்டும் கமெண்டில் சொல்லிவிடாதீர்கள்.