இடப்பக்க இருக்கை

சூரிச் விமான நிலையத்தில் விமானிகளை ஏற்றியிறக்கும் மினிபஸ்ஸை ஓட்டியது எனக்கு எத்தனையாவது வேலை என்று உடனே சொல்லிவிட முடியாது. உணவகச் சமையலறை, முதியோர் இல்லம், ஜெனீவாவில் அலுவலகத் துப்புரவு என்று அதற்கு முன் பல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எங்கே போனாலும் கடைசி ஆளாகத்தான் சேர்வான். அது அலுத்ததும் கிளம்பிப் போய், அடுத்த இடத்திலும் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்வேன்.

பக்கத்து நாடுகளுக்குச் சின்ன விமானங்களை ஓட்டும் ஒரு கம்பனியின் ஆட்கள்தான் என் பயணிகள். ஒரு காலை அவர்களோடு ஒரு தமிழரும் ஏறினார். தமிழ்நாட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். இங்கே புதிதாக வரும் எவரிடமும் நாங்கள் முதலில் கேட்பதைக் கேட்டேன்.

“தம்பி, எப்ப சுவிசுக்கு வந்தனீங்கள்?”

“இப்பதாண்ணே. மூணு மாசம் ஆகுது.”

“அப்ப எங்களுக்கெல்லாம் நீங்கள்தான் கடைக்குட்டி. கோயில் சாப்பாட்டு வரிசையிலயும் பின்னாலதான் நிக்கோணும்.”

“அங்கேயுமா?” என்று சிரித்தார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது போகப் போக விளங்கியது. வேறொரு நாட்டின் பெரிய கம்பனியில் அவர் கப்டன். கடல் தாண்டும் விமானங்களை ஓட்டியவர். கொரோனா காலத்தில் பிந்திச் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வெட்டு அவர்வரை ஏறிவந்தது. இடம் வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், கூப்பிடவில்லை. இந்தச் சின்னக் கம்பனி அவரைத் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டது. விமானத்தில் கப்டன் இருப்பது இடப்பக்கம். இவருக்கு வலப்பக்கம்.

அடுத்த ஆண்டு ஒரு கப்டன் ஓய்வு பெற்றார். அனுபவம் உள்ளவர் என்பதால் அந்த இடத்தில் இவரை உட்கார்த்தி வைக்க மேலிடத்துக்கு விருப்பம். மற்றத் துணை விமானிகள் கொதித்தார்கள். முந்திச் சேர்ந்தவர்தான் முந்திக் கப்டன் ஆக வேண்டும் என்று விமானிகள் சங்கத்துக்குப் போனார்கள். பிறகு என் பஸ்ஸில் அவரோடு ஒருவரும் கதைப்பதில்லை. முறைப்படி அந்த இடம் பக்கத்து ஊரான ஊஸ்டரைச் சேர்ந்த பெண் துணை விமானி ஒருத்திக்கு வர வேண்டும். தனியாக வந்த ஒரு நாள் அவள் என்னிடம், அவர் தன்னைவிட நன்றாக ஓட்டுபவர், ஆனால் இவ்வளவு காலம் இங்கே காத்திருந்தது தான்தானே என்று கேட்டாள். அடுத்த முறை அவர் தனியாக ஏறியபோது அதை அவரிடம் சொன்னேன்.

“அந்தப் பிள்ளை உங்களைப் புகழுது, தம்பி.”

“புகழட்டும்ணே. சீட்ட விட்டுக் குடுக்குமா?”

“அது மட்டும் நடக்காது.”

“அவ இடத்துல நான் இருந்தாலும் விடமாட்டேன். எங்க பழைய கம்பெனில வெளியிலேர்ந்து ஒருத்தரக் கொண்டாந்து மேல வைக்கப் பாத்தாங்க. மொதல்ல சண்டைக்குப் போனவனே நான்தான்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பக்கம்தான் நியாயம் என்று தெரிந்தாலும் அவரை ஆசை விடவில்லை. சங்கம் என்ன முடிவு சொன்னது என்று நாள்தோறும் என்னிடம்கூடக் கேட்பார், எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காமலே.

முடிவு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாக வந்தது. அவள் கப்டனான பிறகு இருவரும் முதன்முறை சேர்ந்து பறந்துவிட்டு வந்த மதியம் நான்தான் ஏற்றினேன். இறங்கும்போது அவள் அவருக்குக் கை கொடுத்தாள். அவரும் எழுந்து நின்று வாழ்த்தினார். அவள் போனதும், “ஓடுபாதை வேலி ஓரமா கொஞ்சம் நிறுத்துங்கண்ணே” என்றார்.

இறங்கி நின்றோம். பெரிய விமானம் ஒன்று ஓடத் தொடங்கியது. அவருடைய வலது கை, இடுப்பு உயரத்தில், காற்றில் எதையோ மெல்ல முன்னால் தள்ளியது.

“என்ன தம்பி?”

“இடப்பக்கம் உக்காந்தா வலது கையாலதான் எஞ்சின் லீவரத் தள்ளணும். இப்பல்லாம் இடது கைதான்.” கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். “பழைய கம்பெனிலேர்ந்து கூப்பிட்டா போயிடுவேண்ணே. கடைசி ஆளா வான்னாலும் போயிடுவேன்.”

நான் விட்டுவந்த வேலைகளையும் ஊர்களையும் நினைத்துப் பார்த்தேன். கடைசி ஆளாகவாவது திரும்பிப் போகிறேன் என்று சொல்ல அவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று எனக்கும் இருந்திருக்கக்கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

“இன்னொண்ணு வருது. பாத்துட்டுப் போலாமா?” என்றார்.

“ஓம், பாப்பம்” என்றேன். அது வண்டி நிறுத்தக்கூடாத இடம்.